கன்று நட்டதும் காசு: கிரிப்டோ திட்டங்களில் குவியும் முதலீடு யாருக்கு லாபம்?

சுங்கை சிப்புட்டில் கிரிப்டோ பற்றிப் பேச்சு எழுந்தால் யாராவது ஒருவர் இதைச் சொல்லாமல் விடமாட்டார்: "அமெரிக்காக்காரன் நூறு மில்லியன் போட்டிருக்கான் அண்ணே, அவனுக்குத் தெரியாததா நமக்குத் தெரிஞ்சிடப் போகுது?" வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் விளம்பரப் படங்களிலும் அதுதான் பெரிய எழுத்தில் இருக்கும். அந்த டோக்கன், அதாவது திட்டம் வெளியிடும் டிஜிட்டல் நாணயம், என்ன வேலை செய்கிறது, யார் அதைப் பயன்படுத்துகிறார்கள் என்பதெல்லாம் அடியில் பொடி எழுத்தில் வரும். பல நேரம் அதுவும் இருக்காது.

பெரிய ஆள் பணம் போட்டிருப்பதே ஒரு திட்டம் நல்லது என்பதற்குச் சான்று என்ற எண்ணம் சாதாரண கம்பெனிப் பங்குகளில் ஓரளவு எடுபடும். கிரிப்டோவில் அது பெரும்பாலும் தலைகீழாகத்தான் வேலை செய்கிறது. முன்னால் வந்து குவிந்த பணம் பின்னால் வாங்குபவர் தலையில் ஏறும் சுமை. திட்டம் எவ்வளவு அதிகமாகத் திரட்டியதோ, அவ்வளவு பேர் லாபத்தோடு வெளியேறக் காத்திருக்கிறார்கள் என்று பொருள்.

சில எண்களைப் பார்த்துவிடலாம். பிட்காயின் 2009 ஜனவரியில் தொடங்கியபோது அதற்கு முதலீட்டாளர் என்று யாரும் இல்லை. திரட்டிய பணம் சுழியம். எத்தீரியம் 2014இல் பொதுமக்களிடம் டோக்கன் விற்று ஏறக்குறைய 18 மில்லியன் அமெரிக்க டாலர் திரட்டியது; அடுத்த ஆண்டு ஜூலையில் அதன் வலையமைப்பு ஓடத் தொடங்கியது. பிறகு 2017 வந்தது. எவரும் வெள்ளை அறிக்கை என்று ஒரு திட்ட விளக்கம் எழுதி, இணையத்தில் டோக்கன் விற்றுப் பணம் திரட்டலாம் என்ற காலம். பேன்கோர் என்ற திட்டம் சில மணி நேரத்தில் 153 மில்லியன் டாலர் திரட்டியது. பிரேவ் என்ற பிரவுசரைச் செய்தவர்கள் அரை நிமிடத்தில் 35 மில்லியன் திரட்டினார்கள். டேசோஸ் 232 மில்லியன். எல்லாவற்றுக்கும் மேலே இயோஸ்: 2017 ஜூன் முதல் 2018 ஜூன் வரை ஓராண்டு முழுக்க டோக்கன் விற்று 4.1 பில்லியன் டாலர். எத்தீரியம் திரட்டியதைப் போல 200 மடங்குக்கும் மேல்.

எத்தீரியத்தைவிட வேகமான, மலிவான வலையமைப்பு என்று சொல்லித்தான் இயோஸ் விற்கப்பட்டது. வலையமைப்பு வந்ததும் உண்மை. ஆனால் அதை நிரப்ப ஆட்கள் வரவில்லை. பதிவு செய்யாமல் டோக்கன் விற்றதற்காக அமெரிக்கப் பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு ஆணையம் 2019இல் இயோஸை விற்ற பிளாக்.ஒன் நிறுவனத்துக்கு 24 மில்லியன் டாலர் அபராதம் விதித்தது. திரட்டியதில் நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. 2021இல் அதே நிறுவனம் புல்லிஷ் என்ற பரிமாற்றச் சந்தையைத் தொடங்கியபோது அதற்குக் கொடுத்த மூலதனத்தில் 1,64,000 பிட்காயின்கள் இருந்தன. முதலீட்டாளர் யாருமே இல்லாமல் தொடங்கிய அந்தப் பழைய பிட்காயின்தான்! இயோஸ் வலையமைப்பைக் கட்டிக்காத்தவர்கள் அதே ஆண்டு இறுதியில் பிளாக்.ஒன்னுக்குப் போய்ச் சேரவேண்டிய டோக்கன்களை நிறுத்தி வைக்க வாக்களித்தார்கள். 2025இல் இயோஸ் தன் பெயரையே வால்ட்டா என்று மாற்றிக்கொண்டது.

பால் வடியும் முன்னே விற்ற பங்கு

இந்தக் கதை தோட்டப்புறத்துக்குப் புதிதல்ல. இங்கிருந்து கொஞ்ச தூரத்தில், கோலக்கங்சாரில், 1877இல் நட்ட ரப்பர் மரம் ஒன்று இன்றும் வேலிக்குள் நிற்கிறது. அது நட்டு இருபது ஆண்டுக்குமேல் ரப்பரை யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. தோட்டக்காரர்கள் காப்பி பயிரிட்டுக்கொண்டிருந்தார்கள். மோட்டார் கார் வந்தது, டயர் வேண்டியிருந்தது, விலை ஏறியது. 1910 ஏப்ரலில் லண்டனில் ஒரு பவுண்டு எடை ரப்பர் 12 ஷில்லிங்கைத் தாண்டியது.

1909, 1910 ஆகிய அந்த இரண்டு ஆண்டுகளில் மலாயா ரப்பர் என்ற பெயரில் லண்டனிலும் ஷாங்காயிலும் கம்பெனிகள் புற்றீசலாகக் கிளம்பின. ரப்பர் கன்று நட்டால் பால் வெட்ட ஆறேழு ஆண்டு ஆகும். பங்கு வாங்கியவர்களோ ஆறு வாரம்கூடக் காத்திருக்கத் தயாராக இல்லை. பல கம்பெனிகள் விற்றது இளங்கன்றுகளையும் இன்னும் வெட்டாத காட்டையும்தான். கம்பெனியைக் கட்டி எழுப்பியவர்கள் நிலத்தை ஒரு விலைக்கு வாங்கி, அதையே பல மடங்கு விலைக்குக் கம்பெனியிடம் விற்று, தங்கள் பங்கையும் கைமாற்றிவிட்டுப் போனார்கள். ஒரு சொட்டுப் பால்கூட வடிவதற்கு முன்பே அவர்கள் கணக்கு முடிந்துவிட்டது.

ஆண்டு முடிவதற்குள் விலை பாதிக்கும் கீழே இறங்கியது. ஷாங்காயில் ரப்பர் பங்குகளுக்குக் கடன் கொடுத்திருந்த உள்ளூர் வட்டிக்கடைகளும் வங்கிகளும் 1910 ஜூலையில் வரிசையாக விழுந்தன. சீனாவின் சிச்சுவான் மாநில மக்களிடம் ரயில் பாதை போடத் திரட்டிய பணத்தின் ஒரு பகுதியும் அதில் மாட்டி அழிந்தது. அந்த ரயில் பாதை விவகாரம் மறு ஆண்டு பெரும் கிளர்ச்சியாகி, சீனாவை ஆண்ட சிங் பேரரசு கவிழ்வதற்கான காரணங்களில் ஒன்றானது. சுங்கை சிப்புட் பக்கத்துக் காட்டில் நட்ட கன்றுகள் எங்கெங்கோ போய் என்னவெல்லாம் செய்திருக்கின்றன பாருங்கள்.

ஆனால் ஒரு வித்தியாசத்தைச் சொல்லியாக வேண்டும். பங்கு விழுந்தாலும் மரம் நின்றது. பங்குக்காரன் நட்டப்பட்டுப் போன பிறகும் கன்று வளர்ந்து பால் தந்தது. தோட்டம், லயம், ரயில் நிலையம், பள்ளிக்கூடம் எல்லாம் மிஞ்சின. அந்தப் பெருக்கத்தின் உண்மையான விலையைக் கொடுத்தது பின்னாளில் தமிழ்த் தொழிலாளி. நட்ட மரங்கள் எல்லாம் சேர்ந்து உலகம் வாங்கக்கூடியதைவிட அதிகம் பால் தந்ததும், 1932இல் விலை 3 பென்னிக்கும் கீழே போனதும், பல்லாயிரம் பேர் கப்பலேற்றி ஊருக்குத் திருப்பி அனுப்பப்பட்டதும் நம் தாத்தா பாட்டிகள் கண்டவை. கிரிப்டோவில் விலை விழுந்த பிறகு மிஞ்சுவது என்ன என்று கேட்டால், சில திட்டங்களில் நல்ல நிரல்கள் மிஞ்சும். பலவற்றில் ஒரு பழைய வெப்சைட்டும் டெலிகிராம் குழுவும்தான்.

பூட்டும் திறப்பும்

2017இன் டோக்கன் விற்பனைக் காலம் அமெரிக்க ஆணையத்தின் வழக்குகளால் அடங்கியது. டெலிகிராம் நிறுவனம் 1.7 பில்லியன் டாலர் திரட்டி, 2020இல் 1.2 பில்லியனைத் திருப்பிக் கொடுப்பதாகவும் 18.5 மில்லியன் அபராதம் கட்டுவதாகவும் ஒப்புக்கொள்ள நேர்ந்தது. அதன்பின் பொதுமக்கள் இருந்த இடத்தை, புதுக் கம்பெனிகளில் தொடக்கத்திலேயே பணம் போடும் வென்ச்சர் கேபிடல் நிறுவனங்கள் பிடித்தன. கோவிட் காலத்தில் அமெரிக்க வட்டி விகிதம் சுழியத்தை ஒட்டிக் கிடந்தது, பணம் எங்கே போவது என்று தெரியாமல் அலைந்தது. 2021இல் மட்டும் கிரிப்டோ நிறுவனங்களுக்குள் 30 பில்லியன் டாலருக்கும் மேல் வென்ச்சர் பணம் வந்தது. ஆண்ட்ரீசன் ஹோரோவிட்ஸ் என்ற வென்ச்சர் நிறுவனம் 4.5 பில்லியன் டாலர் கிரிப்டோ நிதியை அறிவித்தது 2022 மே மாதம். டெர்ரா-லூனா என்ற கிரிப்டோ திட்டம் கவிழ்ந்து ஏறக்குறைய 40 பில்லியன் டாலர் மதிப்பு ஆவியானதும் அதே மாதம்தான்.

வென்ச்சர் நிறுவனங்கள் ஏன் கிரிப்டோவை இவ்வளவு விரும்பின? சாதாரணக் கம்பெனியில் பணம் போட்டால் ஏழெட்டு ஆண்டு காத்திருக்க வேண்டும். கம்பெனி வளர வேண்டும், வாடிக்கையாளர் வேண்டும், பங்குச் சந்தைக்கு வரவேண்டும், அல்லது வேறு பெரிய கம்பெனி வாங்க வேண்டும். டோக்கனில் அந்தக் காத்திருப்பு இல்லை. பொருள் தயாராகும் முன்பே டோக்கன் சந்தைக்கு வந்துவிடும். வழக்கமாக முதலீட்டாளர் டோக்கன்களை ஓராண்டு பூட்டி வைப்பார்கள், அப்புறம் இரண்டு மூன்று ஆண்டுகளில் மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்துவிடுவார்கள். எப்போது திறக்கும் என்பது முன்பே எழுதப்பட்ட அட்டவணை. இரகசியம் ஒன்றுமில்லை, படிப்பவர்தான் குறைவு.

இதை எண்களில் போட்டால்தான் புரியும். ஒரு கற்பனைத் திட்டம் என்று வையுங்கள். மொத்தம் 1,000 மில்லியன் டோக்கன். வென்ச்சர் நிறுவனங்கள் 200 மில்லியனை ஒன்று 5 சென் விலைக்கு வாங்குகின்றன. போட்ட பணம் 10 மில்லியன் ரிங்கிட். சந்தைக்கு வரும் நாளில் 100 மில்லியன் டோக்கன் மட்டுமே கையில் புழங்கும், மற்றதெல்லாம் பூட்டில். புழங்குவது குறைவு என்பதால் கொஞ்சம் பேர் வாங்கினாலே விலை எகிறும். ஒரு டோக்கன் ஒரு ரிங்கிட் ஆகிறது. உடனே "ஒரு பில்லியன் ரிங்கிட் திட்டம்" என்று படம் போட்டுப் பரப்புவார்கள். மொத்த டோக்கனையும் இன்றைய விலையால் பெருக்கிய கணக்கு அது. முழு மதிப்பு என்பார்கள். உண்மையில் சந்தையில் புழங்குவதன் மதிப்பு 100 மில்லியன்தான்.

ஓராண்டில் பூட்டு திறக்கிறது. விற்க ஆள் நிறைய, வாங்க ஆள் குறைவு. விலை 20 சென்னுக்கு விழுகிறது. ஒரு ரிங்கிட்டுக்கு வாங்கிய நம் ஊர்க்காரருக்கு நூற்றுக்கு 80 போச்சு. 5 சென்னுக்கு வாங்கிய வென்ச்சர் நிறுவனம்? அதே 20 சென்னில் விற்றாலும் நான்கு மடங்கு. 10 மில்லியன் 40 மில்லியன் ஆகிவிட்டது. திட்டம் தோற்றுவிட்டது என்று நாம் புலம்பிக்கொண்டிருக்கும்போது, அவர்கள் பதிவேட்டில் அது வெற்றி பெற்ற முதலீடு. அந்த வெற்றியைக் காட்டி அடுத்த நிதியைத் திரட்டுவார்கள். யாரும் பொய் சொல்லவில்லை, திருடவில்லை. எல்லாம் ஒப்பந்தத்தில் எழுதியபடியே நடந்திருக்கிறது. மோசடித் திட்டங்களைப் பற்றி நம் பத்திரிகைகள் நிறைய எழுதுகின்றன, நல்லது. ஆனால் மோசடியே இல்லாத இந்த வகைதான் அதிகம் பேரைச் சுரண்டுகிறது என்பது என் எண்ணம்.

நிஜத்திலும் இப்படித்தான். 2023 ஜூலையில் வேர்ல்ட்காயின் சந்தைக்கு வந்தபோது மொத்தம் 10 பில்லியன் டோக்கன் என்று அறிவித்தார்கள். தொடக்கத்தில் புழக்கத்துக்கு வந்தது அதிகபட்சம் 143 மில்லியன். நூற்றுக்கு ஒன்றரை கூட இல்லை. அதிலும் 100 மில்லியன், சந்தையில் வாங்கி விற்று விலையை ஓட்டும் நிறுவனங்களுக்குக் கடனாகக் கொடுத்தது. இந்தச் சிறு துளியை வைத்து வந்த விலையால்தான் முழு மதிப்பு 20 பில்லியன் டாலருக்கு மேல் என்று பேசப்பட்டது. ஆர்பிட்ரம் உண்மையிலேயே வேலை செய்யும், ஆட்கள் பயன்படுத்தும் வலையமைப்பு. அதுவும் தப்பவில்லை. 2024 மார்ச்சில் ஒரே நாளில் 1.1 பில்லியன் டோக்கன் பூட்டு திறந்து குழுவுக்கும் முதலீட்டாளருக்கும் போனது. சில மாதங்களில் அதன் விலை பாதிக்கும் கீழே. மொத்தச் சந்தையும் அப்போது தளர்ந்துதான் இருந்தது, ஆனால் பிட்காயின் அவ்வளவு இறங்கவில்லை.

பெரியவர்களே பார்க்கவில்லையா?

சரி, நூறு மில்லியன் போடுபவர் ஆராயாமலா போடுவார் என்ற கேள்விக்கு வருவோம். எஃப்டிஎக்ஸ் என்ற கிரிப்டோ பரிமாற்றச் சந்தை 2021 ஜூலையில் 900 மில்லியன் டாலர் திரட்டியது, 2022 ஜனவரியில் இன்னும் 400 மில்லியன். அப்போது அதன் மதிப்பு 32 பில்லியன் என்றார்கள். பத்து மாதத்தில், 2022 நவம்பர் 11 அன்று, திவால் மனு. செக்கோயா என்ற வென்ச்சர் நிறுவனம் 200 மில்லியன் டாலருக்கு மேல் நட்டமென்று கணக்கிலிருந்து கழித்தது. கனடாவின் ஒண்டாரியோ ஆசிரியர் ஓய்வூதிய நிதிக்கு 95 மில்லியன் போச்சு. நமக்குப் பக்கத்து வீடான சிங்கப்பூரின் அரசு முதலீட்டு நிறுவனமான தெமாசெக் 275 மில்லியன் டாலரை முழுதாகக் கழித்தது. தெமாசெக் எட்டு மாதம் ஆய்வு செய்துவிட்டுத்தான் போட்டது. பின்னர் அந்த முதலீட்டுக் குழுவினரும் மேல்நிலை நிர்வாகிகளும் சம்பளக் குறைப்பை ஏற்றார்கள். எஃப்டிஎக்ஸைக் கலைக்க வந்த ஜான் ரே, அந்த நிறுவனம் கணக்கு வைத்திருந்தது குயிக்புக்ஸில் என்று அமெரிக்க நாடாளுமன்றக் குழு முன் சொன்னார். சிறு கடைகள் கணக்கெழுதும் மென்பொருள் அது.

பணம் ஏராளமாக இருக்கும்போது ஆய்வு மெலிந்துவிடும். போட்டி கடுமையாக இருந்ததால் நிறுவனர்கள் பத்து நாளில் முடிவு சொல்லுங்கள், இல்லையென்றால் அடுத்தவரிடம் போகிறேன் என்று சொல்லும் நிலையில் இருந்தார்கள். அவர் போட்டிருக்கிறாரே என்று இவர், இவர் போட்டிருக்கிறாரே என்று அவர். தவிர, வென்ச்சர் நிறுவனத்தின் கணக்கு வேறு. ஐம்பது திட்டத்தில் போட்டு நாற்பது செத்தாலும் இரண்டு மூன்று பெரிதாக எழுந்தால் அதற்குப் போதும். ஒரே டோக்கனில் சேமிப்பைப் போட்டவருக்கு அந்த ஐம்பது வாய்ப்பு கிடையாது. அவன் போட்டிருக்கிறான் என்பது உண்மையாக இருக்கலாம். அவன் போட்டதும் நீங்கள் போடுவதும் ஒரே பந்தயம் இல்லை.

பணம் அதிகமாவது திட்டத்துக்குள்ளேயும் கேடு செய்கிறது. வாடிக்கையாளர் கொடுக்கும் காசில் ஓட வேண்டிய அவசியம் இருந்தால் வாடிக்கையாளர் என்ன கேட்கிறார் என்று காது கொடுப்பார்கள். பத்தாண்டுச் செலவுக்குப் பணம் முதல் நாளே கையில் இருந்தால் கேட்க வேண்டியது முதலீட்டாளர் பேச்சை மட்டும். டேசோஸில் பணம் வந்த சில மாதங்களிலேயே நிறுவனர்களுக்கும் பணத்தை வைத்திருந்த அறக்கட்டளையின் தலைவருக்கும் சண்டை வெடித்து, வேலை தள்ளிப்போய், முதலீட்டாளர்கள் வழக்குப் போட்டு, கடைசியில் 25 மில்லியன் டாலரில் சமரசம். ஃபைல்காயின் 2017இல் 250 மில்லியனுக்கு மேல் திரட்டியது. வலையமைப்பு வந்தது 2020 அக்டோபரில்.

நம் பக்கத்து வரவு செலவு

இங்கே பணம் திரட்டிய பழைய அனுபவங்கள் இரண்டை எடுத்துக்கொள்ளலாம். சுதந்திரத்தை ஒட்டி வெள்ளைக்காரத் தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்டபோது, சுங்கை சிப்புட்டின் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த துன் வீ.தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். 100 வெள்ளிப் பங்கு, மாதம் 10 வெள்ளியாகக் கட்டலாம். அந்தப் பணத்தில் மறு ஆண்டே கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டம் வாங்கப்பட்டது. வாங்கியது ஏற்கெனவே பால் தந்துகொண்டிருந்த மரம். பங்குதாரர் நேரில் போய்த் தொட்டுப் பார்க்கலாம். பணம் மெல்ல வந்தது, வந்த பணத்துக்கு வேலை தயாராக இருந்தது.

1980களில் ம.இ.கா. தொடங்கிய மைக்கா ஹோல்டிங்ஸ் என்ற முதலீட்டு நிறுவனம் வேறு மாதிரி. 66,000க்கும் மேற்பட்ட இந்தியர்களிடமிருந்து 106 மில்லியன் ரிங்கிட் திரண்டது. நகையை அடகு வைத்துப் பங்கு வாங்கிய குடும்பங்கள் தோட்டந்தோறும் உண்டு. பணம் முதலில் வந்தது, அதை எதில் போடுவது என்ற தேடல் பிறகு. 2010இல் பங்குதாரர்களுக்கு வந்த வெளியேறும் விலை ஒரு ரிங்கிட் பங்குக்கு 80 சென், கால் நூற்றாண்டு கழித்து. அதில் அரசியலும் நிர்வாகமும் நிறையவே கலந்திருந்தன, எல்லாவற்றையும் அதிகப் பணத்தின் மேல் போட்டுவிட முடியாது. ஆனாலும் இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், குறைவாகத் திரட்டியதே நீடித்தது என்பது தெரிகிறது.

கிரிப்டோ அலை உச்சத்தில் இருந்த அதே காலத்தில் இங்கேயும் கையில் பணம் இருந்தது. 2020 முதல் 2022 வரை ஊழியர் சேமநிதியிலிருந்து ஐ-லெஸ்தாரி, ஐ-சினார், ஐ-சித்ரா, 10,000 ரிங்கிட் சிறப்பு மீட்பு என்று நான்கு வழிகளில் 145 பில்லியன் ரிங்கிட் வெளியே எடுக்கப்பட்டது. பெரும்பாலோர் அரிசிக்கும் வாடகைக்கும் எடுத்தார்கள். மிச்சம் வைத்திருந்தவர் வீட்டுக் கதவைத் தட்டியவர்களில் டோக்கன் முகவர்களும் உண்டு.

மலேசியச் சட்டம் இதில் பின்தங்கியிருக்கவில்லை. 2019 ஜனவரி 15 முதல் டிஜிட்டல் டோக்கன்கள் பங்குப் பத்திரங்களைப் போலவே செக்யூரிட்டீஸ் கமிஷனின் கீழ் வந்தன. பதிவு பெற்ற பரிமாற்றத் தளங்களே இங்கே இயங்கலாம். லுனோ, சினெஜி, டோக்கனைஸ் மூன்றும் முதலில் அனுமதி பெற்றவை. பதிவில்லாமல் இயங்கியதற்காக 2021 ஜூலையில் பைனான்ஸ் என்ற பெரிய வெளிநாட்டுப் பரிமாற்றத் தளத்தின் மீதே நடவடிக்கை வந்தது. மலேசியாவில் டோக்கன் விற்றுப் பணம் திரட்டும் கம்பெனிக்கு உச்சவரம்பு 100 மில்லியன் ரிங்கிட். சாதாரண முதலீட்டாளர் ஒரு கம்பெனியில் 2,000 ரிங்கிட்டுக்கு மேல் போடக்கூடாது, பன்னிரண்டு மாதத்தில் மொத்தம் 20,000. இந்த வரம்பைச் சொன்னால் சிரிப்பவர்கள் இருக்கிறார்கள்: "ரெண்டாயிரத்துல என்ன அண்ணே பணக்காரனாகறது?" அந்த வரம்பு போட்டவர்களுக்கு இயோஸ் கதை நன்றாகவே தெரிந்திருந்தது என்றுதான் தோன்றுகிறது.

ஆனால் இந்த வரம்பு இங்கே பணம் திரட்டும் கம்பெனிகளுக்கு மட்டும். வெளிநாட்டில் திரட்டி, வெளிநாட்டுத் தளத்தில் ஏறி, வாட்ஸ்அப் வழியாக வீட்டுக்குள் வரும் டோக்கனுக்கு அது பொருந்தாது. பதிவு பெற்ற தளத்தில் வாங்கினாலும், தளம் ஓடிப்போகாது என்ற பாதுகாப்பு உண்டே தவிர, பூட்டு திறக்கும் தேதி எங்கே வாங்கினாலும் ஒன்றுதான். அதைப் பார்ப்பது வாங்குபவர் வேலை. மலேசியர் இருவர் 2014இல் தொடங்கிய காயின்கெக்கோ தளத்தில், எந்த டோக்கனின் பெயரைத் தட்டினாலும் சந்தை மதிப்பும் முழு மதிப்பும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். இரண்டுக்கும் நடுவே ஐந்து மடங்கு, பத்து மடங்கு இடைவெளி இருந்தால், அந்த இடைவெளி முழுக்கப் பூட்டில் கிடக்கும் டோக்கன். டிஃபைலாமா என்ற தளத்தில் அது எந்த மாதம் யார் கைக்கு எவ்வளவு போகிறது என்பதே அட்டவணையாக இருக்கிறது. இரண்டுக்கும் கட்டணம் கிடையாது.